கையால் எழுதிய க்வெரி

"மூணு வருஷம் மண்டையை உடைச்சு எழுதின டூலை ஊர் உலகத்துக்கு ஓசியில தூக்கிக் கொடுக்கணும்கிறீங்களே, உங்களுக்கு என்ன பைத்தியமாம்மா?"

மீட்டிங் அறையில் எல்லார் முன்னாலும் இப்படிக் கேட்டவர் டேட்டாபேஸ் சீனியர். ஆபீஸில் அவருக்குக் 'க்வெரிப் புலி' என்று பெயர். டேட்டாபேஸிடம் எதைக் கேட்க வேண்டுமானாலும் அந்தக் க்வெரியைத் தன் கையாலேயே எழுதுவார். அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கொஞ்ச நாளாக வேகம் வேறு இரண்டு மடங்காகியிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் புரோகிராமருக்குச் சுருக்கென்றது. அவள் எழுதிய டூல்தான் அது. இன்றைக்கு மேனேஜர் மேடம் சரி என்றால் அது ஓப்பன் சோர்ஸ் ஆகும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். வேண்டாம் என்றால், இந்த ஆஸ்பத்திரி பிராஜெக்ட் முடிகிற அடுத்த வாரத்தோடு ஏதோ ஒரு சர்வர் மூலையில் கிடந்து மட்கும். புலியின் கேலிக்குப் பயந்து ஆபீஸில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

"ஓசின்னு சொல்லாதீங்க சார். வெளிய விட்டா நாலு பேர் குறை கண்டுபிடிப்பாங்க, நாலு பேர் சரி பண்ணுவாங்க. நான் ஒருத்தியே எத்தனை நாள் இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறது?"

"அப்படி என்னதான்மா பண்ணுது அது?" என்றார் மேடம்.

"'இந்த நோயாளியோட டெஸ்ட்டெல்லாம் கொடு'ன்னு நம்ம புரோகிராம் பாஷையிலயே கேட்டாப் போதும் மேடம். டேட்டாபேஸுக்குப் புரியற க்வெரியை அதுவே எழுதிக்கும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க டேட்டா இருக்கிற ஒரு டேபிளை மாத்தச் சொன்னா, நான் ஒரே இடத்துல மாத்திட்டு வீட்டுக்குப் போயிடுவேன். சார் எழுதினதுல நானூறு இடத்துல தேடணும்."

"தேடுவேன். அதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன்?" புலி சீறினார். "மெஷின் எழுதற க்வெரி நொண்டியடிக்கும் மேடம். கை பழகின வேகம் அதுக்கு எங்க வரும்? இதை வெளிய விட்டா மானம்தான் போகும். சொல்லிட்டேன்."

மேடத்துக்கு வளவளப் பேச்சு ஆகாது.

"ரெண்டு பேரும் இங்கயே செஞ்சு காட்டுங்க. மூணு மாசமா டாக்டர்கிட்ட வராத சர்க்கரை நோயாளிங்க யார் யாரு, அவங்க கடைசி டெஸ்ட் என்ன, என்ன மாத்திரை சாப்பிடறாங்க, எந்த டாக்டர் பார்த்தாரு. யார் முதல்ல லிஸ்ட் கொடுக்கறீங்களோ, அவங்க சொல்றதுதான் முடிவு."

"அம்மாடி, நாலஞ்சு டேபிளைக் கோக்கணுமே!" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

புலி மேஜையின் கோடிக்குப் போனார். லேப்டாப் மூடியைப் பாதி சாத்திக்கொண்டு, கழுத்தை மடக்கி உள்ளே குனிந்தார். ஆறேழு மாதமாக அவர் வேலை செய்கிற லட்சணம் இதுதான். கேட்டால் தொழில் ரகசியம் என்பார்.

அவளுக்கு விரல் பறந்தது. பாதி முடிந்திருக்கும், போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்ட மகள். எடுக்காவிட்டால் எடுக்கிற வரை அடிப்பாள்.

"குண்டுமணி, சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்குடா செல்லம். அம்மா அப்புறம் பேசறேன், வெச்சிடு."

அவள் போனை வைக்கவும், "முடிஞ்சுது!" என்று புலி உறுமவும் சரியாக இருந்தது.

மேடம் லிஸ்ட்டைச் சரிபார்த்தார். ஒரு நோயாளிகூட விட்டுப்போகவில்லை. அறையே கைதட்டியது. மூன்று வருஷ உழைப்பு ஒரே ஒரு போன்காலில் போச்சே என்று அவள் தன் லேப்டாப்பை மூடினாள்.

"சரி, அப்ப டூல் வெளிய போகாது. என்ன சார்?"

"போகவே கூடாது மேடம்."

"ஆனா நீங்க எழுதின க்வெரியைப் பெரிய ஸ்கிரீன்ல போடுங்க. எல்லாரும் பார்த்துக் கத்துக்கட்டும்."

புலி சட்டென்று மூடியை இன்னும் கொஞ்சம் சாத்தினார். "அதெல்லாம் எதுக்கு மேடம்? லிஸ்ட்தான் வந்திருச்சே."

"அடடா, என்ன தன்னடக்கம்!" என்று சொல்லிக்கொண்டே மேடம் எழுந்து போய்த் தானே கேபிளைச் செருகிவிட்டார்.

க்வெரி சுவர் முழுக்க விரிந்தது. தோற்றதுதான் தோற்றோம், எப்படித் தோற்றோம் என்றாவது பார்ப்போம் என்று அவள் படிக்க ஆரம்பித்தாள். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னம்மா?" என்றார் மேடம்.

"ஒவ்வொரு டேபிளுக்கும் சுருக்கமா ஒரு பேர் வெச்சிருக்காரு பாருங்க மேடம். குண்டுமணி ஒண்ணு, குண்டுமணி ரெண்டு, குண்டுமணி மூணு... அது என் டூல் தானா வைக்கிற பேரு. என் பொண்ணைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு எழுதினப்ப உள்ள போட்டு வெச்சேன். சாரோட கைக்கு அது எப்படி வந்துச்சு?"

எல்லார் தலையும் மேஜைக் கோடிக்குத் திரும்பியது. புலியின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"எப்பவும் பேரை மாத்திடுவேன். இன்னிக்கு அவசரத்துல..." என்று இழுத்தார்.

"ஜெயிச்சது நீங்கதான் சார். சொன்ன சொல் சொன்னதுதான்." மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "இப்ப யோசிச்சு இன்னொரு தடவை சொல்லுங்க. டூலை என்ன பண்ணலாம்?"

புலி முதல் முறையாக லேப்டாப் மூடியை முழுசாகத் திறந்து வைத்தார்.

"தொறந்து விட்டுடுங்க மேடம்," என்றார் கழுத்தை நீவிக்கொண்டே. "ஆறு மாசமா ஒளிச்சு ஒளிச்சு யூஸ் பண்ணி எனக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சு."