அரை மூட்டை மணல்

பெட்டியை நாலு பேரும் ஒரே மூச்சில் தூக்கினோம். தூக்கிய கணமே நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது, உள்ளே ஆள் இல்லை என்று.

முப்பத்தொரு வருஷமாக மூட்டை தூக்குகிற தோள். அரிசி எப்படி அமரும், சிமெண்ட் எப்படி அமுக்கும், சர்க்கரை எந்தப் பக்கம் சாயும், எல்லாம் தோளுக்கே தெரியும். தலையைக் கேட்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் என் மகன் இல்லை. மணல் இருந்தது.

எனக்கு மட்டும் அது தூக்குவதற்கு முன்பே தெரியும்.

லாரியிலிருந்து இறங்கிய அதிகாரி, காகிதத்தை நீட்டும்போதே என் அழுக்குச் சட்டையைப் பார்த்து மை டப்பாவையும் சேர்த்து நீட்டினார். நான் கட்டைவிரலைக் கொடுக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். நேரமாயிற்று. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே என் மகன்தான். பட்டாளத்துக்குப் போகிற வருஷம், கிடங்குத் தரையில் என்னை உட்காரவைத்து, சாக்கில் அச்சடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. "நான் எழுதுற கடுதாசியை நீயே படிக்கணும்ப்பா, ஊர்ல எவன் கையிலயும் குடுக்காத" என்றான்.

பதினேழு கடிதம் வந்தது. அதற்கப்புறம் இந்தக் காகிதம்.

வண்டியில் ஆறு பேர் போனார்களாம். குண்டு வண்டி மேலேயே விழுந்ததாம். இன்னார் என்று பிரித்தெடுக்க எதுவும் மிஞ்சவில்லை என்பதைக் கௌரவமான வார்த்தைகளில் போட்டிருந்தார்கள். பெட்டி வெறுமனே வரக்கூடாதே, அதனால் மணல் இட்டு அனுப்புவதாகக் கடைசி வரி.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரிக்குப் படிக்கத் தெரியாது. பெற்ற பிள்ளையில் ஒரு விரல்கூட மிச்சமில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கூட வந்தாள்.

"ஒரே ஒரு தடவை திறங்கய்யா. முகம் வேணாம். காலைக் காட்டுங்க போதும். அவன் பாதம் எனக்குத் தெரியும்."

"திறக்கக் கூடாதும்மா, உத்தரவு" என்றார் அதிகாரி.

"உங்க உத்தரவு பெத்துச்சா, நான் பெத்தேனா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களாவது சொல்லுங்களேன். வாயை எங்க அடகு வச்சீங்க?"

"வேணாம். பேசாம வா" என்றேன்.

"கல்லுதான் நீ" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அன்றுதான் என்னை 'நீ' என்றாள்.

என்னோடு பின்பக்கம் தோள் கொடுத்தவனுக்கு எங்கள் கூட்டத்தில் ரேடியோ என்று பெயர். நூறு கிலோவைச் சுமந்துகொண்டே வாயடிப்பான். என் மகன் பட்டாளத்தில் தேறிய அன்று அவனைக் கிடங்குத் தராசில் ஏற்றி நிறுத்தி, "எழுபத்திரண்டு கிலோ! திரும்பி வரும்போது ஒரு கிலோ குறைஞ்சாலும் சர்க்கார் மேல கேஸ் போடுவேன்டா" என்று கத்தியவன். இன்றைக்கு அவன் வாயே திறக்கவில்லை. தரையைப் பார்த்தபடி நடந்தான்.

இடுகாடு மேட்டில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு படி. முன்னால் போன இருவரும் படியில் கால் வைத்ததும் பெட்டி சாய்ந்தது.

சரசரவென்று சுமை முழுவதும் பின்னால், எங்கள் தோளுக்கு ஓடி வந்தது.

அரை மூட்டை மணலை அப்படியே கொட்டி ஆணியடித்திருக்கிறார்கள். சாக்கில் போட்டு வாயைத் தைத்து வைத்திருந்தால் ஓடியிருக்காது. வேலை தெரியாதவன் செய்த வேலை.

அவள் கை பெட்டியை விட்டது. அழுகை பாதியில் நின்றது.

அவளும் அதே கிடங்கில் இருபது வருஷம் சாக்கு தைத்தவள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். பெட்டியைத் திறந்துவிடக் கூடாதே என்று மட்டும்தான் பயந்திருந்தேன். அவள் காதை மறந்துவிட்டேன்.

போச்சு, இப்போது கூச்சல் போடப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போடவில்லை. மிச்சப் படிகளை எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினாள். அதற்கப்புறம் திறக்கச் சொல்லவும் இல்லை.

குழிக்குள் பெட்டி இறங்கியது. சிப்பாய்கள் இரண்டு பேர் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அதிகாரி தொப்பியைக் கழற்றினார்.

அவள் வந்து என் தோளில் சாய்ந்தாள். பார்க்கிறவர்களுக்குத் துக்கம் தாங்காமல் சாய்ந்தது மாதிரி இருந்திருக்கும். உதடு என் காதில் பட்டது.

"ஏங்க, மணல்தானே அது?"

தலையசைத்தேன். இனி எதற்கு மறைப்பது, சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"பேசாதீங்க. போன லீவுல வந்தப்பவே எங்கிட்ட சொன்னான், என்னால முடியலம்மா, எங்கயாவது ஓடிடப்போறேன்னு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். ஓடிட்டான். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு மணலை அள்ளிக் கொண்டாந்திருக்காங்க."

நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். காலையில் இருந்த முகம் இல்லை அது.

"இவங்க வண்டி கிளம்புற வரைக்கும் மூச்சு விடாதீங்க. காலைலேருந்து நீங்க ஒரு சொட்டு அழல. சந்தேகப்படுவாங்க. அழுங்க."

அழுதேன்.

குழியோரம் மண்டிபோட்டு, ஊரே பார்க்க, மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். அதிகாரியே வந்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். நிறுத்த முடியவில்லை.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாரும் பார்க்காமல் என் கையைப் பிடித்து, அப்படித்தான் என்பதுபோல் ஒரு அழுத்து அழுத்தினாள்.