ஜோரா எடுங்க

"கண்டவுகளும் மேடையேறி வந்து நிப்பாக தம்பி. அவுகளுக்கு வெறும் ஃப்ளாஷ் போதும். ஃபிலிமை வீணாக்காதீங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா சிவபாண்டியின் குரல். மணப்பெண் அறையில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த கல்யாணப்பெண் கனகாவின் கை அப்படியே நின்றது.

"யாருக்கு ஃபிலிம், யாருக்கு ஃப்ளாஷ்னு எனக்கு எப்படித் தெரியும்ணே?" போட்டோ எடுக்க வந்த ஆன்றோ கேட்டார்.

"நான் பக்கத்துலயே நிப்பேன். சொல்ற சொல்லுல தெரிஞ்சுக்கங்க. காதைக் கொண்டாங்க."

அதற்குமேல் கனகாவின் காதில் விழவில்லை.

ஃபிலிம் கேமராதான் வேண்டும் என்று கேட்டவள் கனகா. பழங்காநத்தத்து ஆன்றோவிடம் ஐம்பது வயதான ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று இருந்தது. பார்க்கிற துவாரம் தனி, லென்ஸ் தனி. துவாரத்தில் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் தெளியும். கேமராவின் தலையில் ஃப்ளாஷ். அதன் முதுகில் சின்னப் பொத்தான். அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும், படம் விழாது. நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டு ரோல், எழுபத்திரண்டு படம். உசிலம்பட்டி மண்டபத்திலோ ஐந்நூறு பேர். மேடையில் செல்போன் கூடாது என்று வேறு கனகாவே சொல்லியிருந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு படம் முக்கியம். அம்மா போனபின், அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக ஓடிய வருஷங்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்தவளைப் பஸ் ஸ்டாண்டில் தன் கொய்யாக் கூடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டவள் முனியாயி. அவளோடு ஒரு படம்.

தாலி ஏறியது. வரிசை தொடங்கியது.

சேர்மன் வந்தார். அப்பா ஓடி வந்து கும்பிட்டார். "தம்பி, ஜோரா எடுங்க."

பளிச்.

ரைஸ்மில் முதலாளி வந்தார். "ஜோரா எடுங்க தம்பி, ஜோரா."

பளிச்.

சமையல்காரர் பேயாண்டி கரண்டியோடு வந்தார். அப்பா எங்கோ பார்த்தபடி, "ம், சும்மா எடுங்க" என்றார்.

கனகாவுக்கு விளங்கிவிட்டது. மாப்பிள்ளை பீமாராவின் காதில் சொன்னாள். "ஜோரான்னா ஃபிலிம். சும்மான்னா வெறும் வெளிச்சம்."

"அப்ப என் கூட்டாளிக அம்புட்டுப் பேருக்கும் வெளிச்சந்தான்" என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முனியாயி வந்தாள். புதுச் சேலை. முந்தானையில் விலைச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"ஆதார் அட்டையில ஒரு பொம்பள இருக்கா தாயி. அவ நானில்ல. இதுலயாச்சும் என் மூஞ்சிய என் மூஞ்சியா எடுக்கச் சொல்லு."

கனகா முந்திக்கொண்டாள். "அண்ணே, இவுகள ஜோரா எடுங்க."

ஆன்றோ திகைத்தார். கேமராவை இறக்கிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"ஜோரெல்லாம் வேண்டாம்." அப்பாவின் குரல் மேளத்தைத் தாண்டி வந்தது. "சும்மா எடுங்க."

கனகாவின் கண் நிறைந்துவிட்டது.

"அதானே, கொய்யாக்காரிக்கு என்ன ஜோரு?" என்று முனியாயி பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள்.

ஆன்றோ வளையத்தைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். பளிச்.

அன்று முழுக்க கனகா அப்பாவோடு பேசவில்லை. புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆன்றோ ஆல்பத்தோடு கனகாவின் புகுந்த வீட்டுக்கு வந்தார்.

முதல் பக்கத்தில் முனியாயி. வாய்கொள்ளாச் சிரிப்பு, விலைச் சீட்டு உட்பட. அடுத்து கரண்டியோடு பேயாண்டி. பிறகு பந்தலில் வாழைமரம் கட்டியவர், பீமாராவின் கூட்டாளிகள், அப்பாவோடு பஸ் ஓட்டிய டிரைவர்.

"சேர்மன் எங்கண்ணே?"

"அவரை எங்க எடுத்தேன்? ஜோரான்னா வெறும் ஃப்ளாஷ்னுதானே அப்பா சொல்லியிருந்தாக. 'ஊரெல்லாம் பிளெக்ஸ்ல சிரிக்கிற கண்டவுகளுக்கு எதுக்கு தம்பி ஃபிலிம்? நான் சும்மான்னு சொல்றவுகளைத்தான் யாரும் எடுக்க மாட்டாக'ன்னாக. நீங்க வேற முனியாயி அக்காவுக்கு ஜோரா எடுங்கன்னுட்டீக. நல்லவேளை, அப்பா தடுத்தாக."

கனகா ஆல்பத்தை முதலிலிருந்து மறுபடி புரட்டினாள். எந்தப் படத்திலும் அப்பா இல்லை. எல்லாப் படத்துக்கும் கேமரா பக்கத்தில்தானே நின்றார்.

போனை எடுத்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழமை வாங்க. ஆன்றோ அண்ணனும் வாராக. உங்களை ஒரு படம் எடுக்கணும்."

அப்பா மெல்லக் கேட்டார்:

"ஜோராவா, ஆத்தா?"

"இல்லப்பா. சும்மா."