முன்வரிசை ஓரம்

“படகுல எந்த எடத்துல உக்காந்தா ஆளு தண்ணிக்குள்ள விழுவாங்க?”

தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று மலர்விழிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தர்மபுரி பஸ் நிலையத்துக்கு எதிரில் டிராவல்ஸ் கடை போட்ட நாளிலிருந்து, எந்த சீட்டில் வெயில் படாது, எந்த சீட்டில் வாந்தி வராது என்று கேட்டவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் குப்புராஜ். இண்டூரில் தக்காளி போடுகிற விவசாயி. கேள்வியைக் கேட்டுவிட்டு, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“விழாம இருக்கற எடமா கேக்கறீங்க?”

“இல்லீங்க. விழற எடந்தான்.”

குடகு மலையாற்றில் ரப்பர் படகுச் சவாரி. முதல் தடவை போகிறவர்களுக்காகவே மலர்விழி போட்டிருந்த பயணம் அது. வேன் பேசியாயிற்று, தங்க இடமும் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரி நர்சுகள் சிலரும், கல்யாணமாகி மாதம் ஆகாத ஒரு ஜோடியும் பேர் கொடுத்திருந்தார்கள்.

இன்னும் ஓர் ஆள் சேர்ந்தால்தான் படகு நிறையும். நிறையாவிட்டால் வரவே வேண்டாம் என்று படகு விடுகிறவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஓர் ஆளாக இவர் உள்ளே நுழைந்தபோது, எழுந்துபோய் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள் மலர்விழி.

“முன்வரிசை ஓரந்தாங்க. அலை மொதல்ல அங்கதான் வந்து அடிக்கும். உங்களுக்கு அது வேண்டாம், நடுவுல போட்டுடறேன்.”

“எனக்கு இல்லீங்க. எங்க வூட்டம்மாவுக்கு.”

“அப்ப நீங்க?”

“நான் கரையிலயே நின்னுக்கறேன்.”

மலர்விழி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“அவங்களுக்குத் தண்ணி பழக்கமாங்க?”

குப்புராஜ் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். அதில் நுரைக்கு நடுவே ஒரு படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

“தண்ணியக் கண்டா அவ நிக்க மாட்டாங்க” என்றார்.

தண்ணீரைக் கண்டாலே ஓடுகிற மனுஷியையா முன்வரிசை ஓரத்தில் உட்கார வைக்கப் பார்க்கிறார் இவர்?

“விழுந்தா ஒடனே தூக்கிருவாங்களா?” அவர் விடவில்லை.

“ஒடனே தூக்கிருவாங்க. அதுக்குன்னே கூட ஒரு ஆளு வருவாரு.”

“ஓ.” அந்த ‘ஓ’வில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று பிடிபடவில்லை. “கொஞ்ச தூரம்கூட அடிச்சிக்கிட்டுப் போவ வுட மாட்டாங்களா?”

“எதுக்குங்க விடணும்?”

“சும்மா கேட்டங்க. அன்னிக்கு தண்ணி நல்ல வேகமா இருக்குமில்ல? வேகம் இல்லன்னா வேண்டாம்.”

இதற்கு மேல் மலர்விழியால் சும்மா இருக்க முடியவில்லை. “போறவங்ககிட்ட நேரா ஒரு வார்த்தை பேசாம நாங்க எடம் போடறதில்லீங்க. அவங்க நம்பர் குடுங்க” என்றாள். அப்படி ஒரு வழக்கமே கடையில் கிடையாது. அந்த நிமிஷம் வாயில் வந்ததுதான்.

“அவள எதுக்குங்க இழுக்கறீங்க? எதுன்னாலும் எங்கிட்டயே கேளுங்க.”

“பேசாம போட முடியாதுங்க.”

அரைமனதாக நம்பரைச் சொன்னார். “பேரு பானுமதி. பேசுங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்” என்று எழுந்து, நாற்காலியைக்கூடத் தள்ளி வைக்காமல் வெளியே போய்விட்டார்.

மலர்விழி போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். சொன்னால் இந்த ஆள் போய்விடும், படகு நிறையாது, ஆசைப்பட்டுப் பேர் கொடுத்தவர்களுக்குப் பயணமும் போய்விடும். சந்தேகம் பொய்யாக இருந்தாலோ ஒரு குடும்பத்தில் நெருப்பை வைத்த பாவம். ஆனாலும் ஓர் உயிர் விஷயம். நம்பரை அழுத்தினாள்.

“அக்கா, தர்மபுரி டிராவல்ஸ்லருந்து மலர்விழி பேசறேன். பக்கத்துல யாரும் இல்லீங்களே?”

“தோட்டத்துல தனியாத்தான் இருக்கறேன். சொல்லு கண்ணு.” பின்னால் பம்புசெட் ஓடும் சத்தம் கேட்டது.

“இதச் சொல்லலாமா வேண்டாமான்னு தெரியலீங்க. உங்க வூட்டுக்காரர நம்பி அந்தப் படகுல மட்டும் ஏறிடாதீங்க.”

“ஏன், என்னாச்சு?”

“உங்கள எந்த எடத்துல உக்கார வச்சா விழுவீங்கன்னு கேக்கறாருங்க. விழுந்தா கொஞ்ச தூரம் அடிச்சிக்கிட்டுப் போவ விடுவாங்களாங்கறாரு. அவரு மட்டும் கரையில நின்னுக்குவாராம்.”

மறுமுனையில் பம்புசெட் சத்தம் நின்றது. கடைக் கண்ணாடிக்கு வெளியே, டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, குப்புராஜ் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, கேக்குதுங்களா?”

“கேக்குது. விழற எடம் எதுன்னு சொன்ன?”

“முன்வரிசை ஓரம்னு சொல்லிட்டங்க.”

“அப்பாடா, ஒருவழியா கேட்டுட்டாரா மனுசன்? கெணத்துலயே நீஞ்சி நீஞ்சி சலிச்சுப்போச்சு. அதையே எனக்குப் போட்டுடு கண்ணு.”