டிக்கெட் எடுக்காதவன்

ஹவாய் பந்தயத்துக்கு அனுப்புவதற்காக என் பேடில்போர்டை, கையால் துழாவிக் கடலில் ஓட்டும் பலகையை, கோல்டுகோஸ்ட் வீட்டு வாசலில் கழுவிக் காயவைத்தோம். ஈரத்தோடு பெட்டியில் கட்டினால் சூட்டில் பலகை கொப்புளம் போட்டுவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு துணி சுற்றினோம்.

“வால்பக்கம் இன்னொரு சுத்து சுத்து. கோரின் பிடிக்கிற இடமாச்சே,” என்றான் என் கணவன் ரீஸ்.

கோரின் என் தம்பி. பயிற்சியில் களைத்துப்போனால் என் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓசியில் வருவான். “டிக்கெட் எடுடா, சோம்பேறி!” என்று கத்துவேன். போன குளிர்காலம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை.

ஹவாயில் பெட்டியைப் பிரித்தோம். பலகை நன்றாக உலர்ந்திருந்தது. வால்பக்கம் மட்டும் ஐந்து விரல் ஈரமாகப் பதிந்திருந்தது.

ரீஸ் துண்டை எடுத்தான். “துடைக்கட்டுமா?”

“வேணாம், விடு. களைச்சிருப்பான்.”

பந்தயம் முழுக்கப் பலகையின் வால் தாழ்ந்தே வந்தது. நான் டிக்கெட் கேட்கவில்லை.