பேச்சை நிறுத்தாதே

"என்னால முடியல அண்ணி. என்னை விட்டுட்டு நீங்க ஓடுங்க."

"விட்டுட்டு ஓட முடிஞ்சா நான் எப்பவோ ஓடியிருப்பேன். காலை நீட்டு."

சாலையோரப் புல்லில் மல்லாந்து கிடந்த வாயாடி காலை நீட்டினாள். வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பேக்கரியில் கேக்குக்குக் கிரீமில் பூப் போடும் வேலை. கை பூப் போட்டாலும் வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். இன்று அந்த வாயே வறண்டு கிடந்தது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. நீச்சலில் ஏரியைப் பாதி குடித்தே முடித்துவிட்டாள். சைக்கிளில் இவள் முன்னே, அண்ணி பின்னே. ஒவ்வொரு மேட்டிலும் உயிர் போய் உயிர் வந்தது. இப்போது ஓட்டம் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே கெண்டைக்கால் கல்லாக இறுகிப் படுக்கப் போட்டுவிட்டது. போதாக்குறைக்குப் புது ஷூ வேறு. பந்தயத்துக்கென்று ஆசையாக வாங்கி, இன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டாள்; அது குதிகாலைக் கடித்துக் குதறியிருந்தது.

அண்ணி பிசியோதெரபிஸ்ட். அவள் விரல் போய் நின்ற இடத்தில்தான் வலி இருந்தது.

"உண்மையைச் சொல்லு. எத்தனை நாள் ஓடிப் பழகினே?"

"நான் ஓடுறதைத் தினமும்தான் போன்ல கேட்டீங்களே அண்ணி."

"கேட்டேன். ஓடுறவ மூச்சுக்கும் நின்ன இடத்துல குதிக்கிறவ மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? நடுவுல ஓவன் மணி வேற அடிச்சுது."

வாயாடியின் மானம் கப்பலேறியது. மழை, ஆர்டர், தூக்கம் என்று தினம் ஒரு சாக்கு. நாளைக்கு, நாளைக்கு என்று நாள்தான் ஓடியதே தவிர இவள் ஓடவில்லை. அண்ணியோ விடியுமுன் எழுந்து, மாடியறையில் இருந்த இடத்திலேயே சுற்றும் சைக்கிளை வேர்க்க விறுவிறுக்க மிதித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள். ஒரு தடவையாவது அந்தக் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது அவளுக்கு வெகுநாள் ஏக்கம்.

அவர்கள் பெயர் கொடுத்திருந்தது இருவர் சேர்ந்து ஓடும் பிரிவில். ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தியும் அவுட். போன வருஷம் அண்ணியோடு ஓட வேண்டிய தோழி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். அன்று, "நானிருக்கேன் அண்ணி" என்று மார்தட்டிக்கொண்டு வந்தவள்தான் இப்போது புல்லில் கிடக்கிறாள்.

"தெரிஞ்சுமா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"எனக்கு வேண்டியது உன் வாய்டி. கால் அப்புறம். நீ பேச்சை நிறுத்தாம வா, போதும். எழுந்திரு."

எழுந்தாள். நொண்டி நொண்டி ஓடினாள். தோளோடு தோளாக அண்ணியும் ஓடினாள்.

"மேடு வருது அண்ணி, எவன் கொண்டுவந்து போட்டானோ. இடது பக்கம் பாருங்க பள்ளத்தை, யானையே விழும். ஐயோ, நரைச்ச தாத்தா ஒருத்தர் நம்மளை முந்திட்டுப் போறார், வெட்கக்கேடு. இப்ப வலது பக்கம் வளையணும். வளைஞ்சா வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும் போலிருக்கு."

"புலம்பு, புலம்பு. நல்லா இருக்கு."

பைக்கில் வந்த தொண்டர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "வண்டி வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. வாய் ஓடுது, கால் பின்னாடியே வந்துரும்" என்றாள் வாயாடி. அண்ணி சிரித்த சிரிப்பில் அவளுக்கே ஓட்டம் தடுமாறியது.

பாதி வழியில் வாயாடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. பொய் சொன்னதற்கு அண்ணி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். திட்டவில்லை. இவள் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்து, வலித்த இடத்தைப் பிடித்துவிட்டு, அலுக்காமல் கூடவே வருகிறாள். இந்த மனுஷி கிடைக்க அண்ணன் கொடுத்து வைத்தவன்தான் என்று நினைத்தாள். இவளுக்காக அந்தக் கோட்டைத் தவழ்ந்தாவது தாண்டிவிட வேண்டும்.

"தரையில தண்ணி கொட்டிக் கிடக்கு, வழுக்கும், பார்த்து. கூட்டம் கை தட்டுது. அண்ணன் கம்பியைப் பிடிச்சுட்டு அழறான் அண்ணி, சின்னப் பிள்ளை மாதிரி. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அண்ணி, கோடு."

தாண்டியதும் வாயாடி அப்படியே அண்ணியின் தோளில் சரிந்தாள். பேச்சு நின்றே போனது.

பதக்கங்களோடு வந்த அமைப்பாளர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் கறுப்புக் கண்ணாடி. இரண்டு இடுப்பையும் சேர்த்துப் பிணைத்த ஒரு சின்னக் கயிறு. ஒருத்தி நிமிர்ந்து நிற்கிறாள், இன்னொருத்தி அவள் தோளில் ஈரத்துணி மாதிரித் தொங்குகிறாள். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நேராக அண்ணியிடம் போனார்.

"பெரிய மனசும்மா உங்களுக்கு. எப்படியோ இவங்களைக் கரை சேர்த்துட்டீங்க. வழிகாட்டியா ஓடுறவங்களுக்குத் தனிப் பதக்கம் உண்டு, வாங்கிக்குங்க."

அண்ணி காற்றில் கையைத் துழாவி, வாயாடியின் தலையைத் தேடிப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள்.

"அதை இவ கழுத்துல போடுங்க சார். கண்ணு தெரியாதவ நான்."