பாதிப் படகு

எஃபி பைக் சாவியை ஓட்ஸ் டப்பாவுக்குள் ஆழமாகச் செருகி, மேலே இரண்டு கரண்டி ஓட்ஸைத் தூவி மூடினாள். பின்பக்கக் கொட்டகையிலிருந்து ட்ரில்லிங் மெஷின் கர்ரென்று கத்தியது.

"அங்க என்ன பண்ற ஆங்கஸ்?" ஜன்னல் வழியே குரல் கொடுத்தாள்.

"குருவிக்கு வீடு கட்டறேன்!"

"ஏற்கெனவே மூணு கட்டியாச்சு! கேப் பிரெட்டன் தீவுலயே இனிமே வீடில்லாத குருவி கிடையாது!"

பதிலுக்கு மெஷின்தான் கத்தியது.

ஜூலை மாதத்தில் தக்காளிப் பாத்திக்கு நடுவே ஆங்கஸ் மயங்கி விழுந்தான். ஒரு வருடத்துக்குக் காரோ பைக்கோ ஓட்டவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கார் சாவியை முணுமுணுக்காமல் எஃபியிடம் கொடுத்தவன், பைக் பேச்சை எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அது அவர்களோடு சேர்ந்து வயதான பைக். கல்யாணமான வருடம் இருவரும் மாறி மாறி ஓட்டி கியூபெக் வரை போய்விட்டு வந்தார்கள். பிள்ளைகள் பிறந்தபின் எஃபி ஒதுங்கிக்கொள்ள, அது ஆங்கஸுடையதாகிவிட்டது.

அக்டோபரில் மேப்பிள் மரங்கள் சிவந்ததும், நாய் பார்லியைப் பின்னால் கூடையில் வைத்துக்கொண்டு கடலோர மலை ரோட்டைச் சுற்றாமல் அவன் இருந்ததில்லை. இந்த வருடமும் மலை பற்றி எரிகிற மாதிரி சிவந்து கிடந்தது. ஆங்கஸ் ஜன்னலருகே நின்று பெருமூச்சு விட்டான். பார்லியும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டது.

பிறகுதான் இந்தச் சில்லறை வேலைகளில் இறங்கினான். சொட்டுகிற குழாய், கிறீச்சிடுகிற கதவு, நாய்வீட்டுக் கூரை என்று ஒவ்வொன்றாகச் சரியாயின. பொழுது நல்லபடியாகப் போகிறதே என்று எஃபிக்கும் நிம்மதி.

நேற்று விறகெடுக்கக் கொட்டகைக்குள் போனபோதுதான் அந்த நிம்மதி போயிற்று. பைக் பளபளவென்று மின்னியது. சீட் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. ஆறடி மனுஷன், இப்போது காலைத் தூக்கிப் போட முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் தார்ப்பாய்க்குள் வேறு ஏதோ பெரிதாக இருந்தது.

"பக்கத்து வீட்டு ராடியோட பழைய படகு. பாதிதான் தேறும். பார்லிக்கு," என்றான் ஆங்கஸ், அவள் கண்ணைப் பார்க்காமல்.

அதனால்தான் சாவி ஓட்ஸுக்குள் போனது.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சிலிருந்து திரும்பிய எஃபி, காரை வாசலில் குறுக்காக நிறுத்தி, கதவை அறைந்து சாத்தினாள். முற்றத்தில் பைக் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில், சிவப்புப் பெயின்ட் அடித்த பாதிப் படகு ஒற்றைச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. முனையில் பார்லி கப்பல் கேப்டன் மாதிரி மூக்கை உயர்த்தி உட்கார்ந்திருந்தது. ஆங்கஸ் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாகத் தயாராக நின்றான்.

"சாவி எப்படிக் கெடச்சுது?"

"நீ சர்ச்சுக்குப் போயிட்டா ஓட்ஸ் கஞ்சிய நான்தானே வெச்சுக்கணும்? பல்லுல மாட்டிச்சு."

வேலியோரம் நின்றிருந்த ராடி குபீரென்று சிரித்துவிட்டு, எஃபியின் பார்வை பட்டதும் அடங்கினான். "எனக்கொண்ணும் தெரியாதும்மா. வெல்டிங் பண்ணேன், வண்டிய வெளிய எடுத்துக் குடுத்தேன். அவ்வளவுதான்."

"தக்காளிச் செடிக்கு நடுவுல நீ பேச்சுமூச்சில்லாம கெடந்தே, ஆங்கஸ்." எஃபியின் குரல் உடைந்தது. "பார்லி கத்துன கத்துலதான் நான் ஓடி வந்தேன். மலை ரோட்டுல அப்படி ஆனா யாரு ஓடி வருவா? உன்னோட சேந்து இந்த நாயும் கடலுக்குள்ள போகணுமா?"

ஆங்கஸ் படகின் சின்னக் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே மெத்தை, கம்பளிப் போர்வை, டீ பிளாஸ்க். ஒரு நாய்க்கு இது ரொம்ப அதிகம். எஃபிக்குப் புரிந்துவிட்டது.

"ஓஹோ! என்னை இதுக்குள்ள ராணி மாதிரி உக்கார வெச்சுட்டா வாய மூடிக்குவேன்னு கணக்குப் போட்டியா? டாக்டர் சொன்னது சொன்னதுதான். நீ அந்த ஹேண்டில்பாரத் தொட்டேன்னா பாரு!"

"சரி, தொடல. உன் லைசென்ஸ் கையில இருக்கா?"

"பேச்ச மாத்தாத! கார் ஓட்டிட்டுத்தானே வரேன், இல்லாம இருக்குமா? காருக்கும் இருக்கு, பைக்குக்கும் இருக்கு. ஒரு தடவகூடப் புதுப்பிக்காம விட்டதில்ல. அதுக்கென்ன இப்ப?"

ராடி தொண்டையைச் செருமிக்கொண்டு மேப்பிள் மரங்களைப் பார்க்கத் தொடங்கினான்.

ஆங்கஸ் நீளக் காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்தான். பார்லியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, போர்வையை முழங்கால்வரை இழுத்துக்கொண்டான்.

"அப்புறமென்ன, சீட்டயும் உன் உயரத்துக்கு எறக்கியாச்சு. வண்டிய எடு எஃபி!"