தலைவலிக்கு வந்தவர்

"ஐயோ... அம்மா!"

"அங்கிள், நீங்க தமிழா?" அவர் காலில் இருந்த பேண்டேஜைத் தொட்ட விரலைச் சட்டென்று எடுத்தாள் ஆன்லின்.

"வலிச்சா வேற பாஷை வரமாட்டேங்குதும்மா" என்றார் தேவதாஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் முப்பது வருஷம் எண்ணெய்க் கம்பெனி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதுகுப் பக்கம் நாடா வைத்த நோயாளி அங்கியில், காகிதம் விரித்த மேஜைமேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். "காலை விடுங்க. நான் தலைவலிக்குத்தான் வந்திருக்கேன்."

"தலைவலி கெடக்கட்டும். இது என்ன புண்ணு?"

"எந்தப் பக்கம் வலிக்குது, வெளிச்சம் பாத்தா கூசுதா, வாந்தி வருதா, இதெல்லாம் கேக்கணும்ல? பதினஞ்சு நிமிஷம்தான் டைம். அதுல நாலு போயிடுச்சு."

வெள்ளைக் கோட்டுக்காரி கேட்பதாக இல்லை. கையுறை மாட்டிக்கொண்டு பேண்டேஜை மெல்லப் பிரித்தாள். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் குழி. அதன் ஓரம் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு மாசம். சின்னக் கொப்புளமாத்தான் வந்துச்சு. எங்க சர்ச்சுல ஆளாளுக்கு டாக்டர். சைலஸ் சிலந்தி கடின்னான். இன்னொருத்தர் சுகர்னார். எனக்கு சுகரே கெடையாது. என் பொண்டாட்டி எலிசா மஞ்சளை அப்பி வெச்சு, மூணு பெட்ஷீட் போச்சு."

"நிஜ டாக்டர் யாரும் பாக்கலையா?"

"சர்ஜன் பாத்தார். இன்ஃபெக்‌ஷன்னு சொல்லி ரெண்டு தடவை கத்தி வெச்சு சுத்தம் பண்ணார்."

"ஒவ்வொரு தடவையும் புண்ணு பெருசாச்சா?"

தேவதாஸ் நிமிர்ந்து பார்த்தார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "ஆமா. ரெண்டு தடவையும். வியாழக்கிழமை மூணாவது ஆபரேஷன். இதுலயும் கேக்கலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம்னு சொல்லிட்டார்."

கடைசி வார்த்தைகளில் அவர் குரல் இறங்கிவிட்டது.

"அங்கிள், மோஷன்ல ரத்தம் போகுதா?"

"கால்ல புண்ணுன்னா அங்க என்னம்மா கேள்வி?"

"போகுதா, இல்லையா?"

தேவதாஸ் கூரையைப் பார்த்தார். "ஒரு வருஷமா. எலிசாகிட்டகூடச் சொல்லலை. மூலமா இருக்கும்னு விட்டுட்டேன். மெதுவாப் பேசும்மா."

ஆன்லின் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். "இது இன்ஃபெக்‌ஷன் இல்லன்னு நெனைக்கிறேன். பயோடெர்மா கேங்ரினோசம்னு ஒண்ணு இருக்கு. ரொம்ப அபூர்வம். உடம்போட எதிர்ப்புச் சக்தியே தோலைத் தின்னும். குடல்ல புண் இருக்கிறவங்களுக்குத்தான் அடிக்கடி வரும். இதுல கத்தி வெச்சா இன்னும் பெருசாகும்."

"பேரைச் சொல்றதுக்குள்ள காலே போயிடும் போல இருக்கே."

"நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். வேற வியாதி இல்லன்னு பாத்துத்தான் இதை முடிவு பண்ணுவாங்க. ஆனா ஒரு ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட் பாக்கிற வரைக்கும் யாரையும் கத்தி வெக்க விடாதீங்க. சர்ஜனுக்கு இன்னிக்கே போன் பண்ணி இதைச் சொல்லுங்க. ப்ராமிஸ் பண்ணுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாளில் இந்தக் காலுக்காகக் கலங்கிய இரண்டாவது ஆள். முதல் ஆள் எலிசா. அதிலும் பாதி பெட்ஷீட்டுக்காக.

"ப்ராமிஸ்" என்றார்.

மணி அடித்தது. நோயின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் திணித்துவிட்டு எழுந்தவள், கதவருகே நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அங்கிள்... உங்க தலைவலி?"

"எனக்கு ஏதும்மா தலைவலி?" என்றார் தேவதாஸ்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடக்கவில்லை. தோல் டாக்டர் புண்ணின் ஓரத்தில் துளி சதை எடுத்துப் பார்த்தார். குடலுக்கும் சோதனை நடந்தது. துண்டுச் சீட்டில் இருந்த அதே பெயரை அவரும் சொல்லி, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். மூன்றாவது வாரம் புண் சுருங்க ஆரம்பித்தது. தேவதாஸ் செருப்புப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போய், சைலஸிடம் சிலந்தியை விசாரித்துவிட்டு வந்தார்.

அன்று மாலை, ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து அவருக்கு மின்னஞ்சல் வந்தது: 'எங்கள் மாணவர் தேர்வில் தலைவலி நோயாளியாக நடித்ததற்கு நன்றி, கேட்க வேண்டிய இருபது கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்று நீங்கள் குறித்ததால் மாணவி ஆன்லின் மறுதேர்வு எழுதுகிறார், ஆனால், இவர் டாக்டரானால் இவரிடம் போவீர்களா என்ற இடத்தில் ஆம் என்று போட்டிருக்கிறீர்களே, கை தவறிவிட்டதா?'

தேவதாஸ் உடனே பதில் தட்டினார்: 'கை தவறவில்லை, அவர் டாக்டராகும்வரை காத்திருந்தால் கால்தான் தவறியிருக்கும்.'